ஒரே கணிதமா, இரண்டு கணிதமா?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி இது. நான் பணியாற்றும் கல்லூரியில், வேதியியல் இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்குத் துணைப்பாடமாக இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். இடப்பெயர்ச்சியைக் காலத்தைப் பொறுத்து வகையிட்டால் திசைவேகம் கிடைக்கும் என்று கூறி, கரும்பலகையில் 'டிஎக்ஸ் பை டிடி' என்று எழுதினேன். பின்வரிசையிலிருந்து மாணவர் ஒருவர் எழுந்தார்.

"சார், மேலேயும் 'டி' இருக்கிறது, கீழேயும் 'டி' இருக்கிறது. இரண்டையும் அடித்துவிடலாமா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சற்றுச் சிரித்துவிட்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. வகுப்பு முடிந்ததும் அவரை அழைத்துப் பேசினேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 90-க்கு மேல் வாங்கியவர் அவர். மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசையில் பதினோராம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் அடங்கிய பிரிவில் சேர்ந்தார். அந்தப் பிரிவில் கணிதம் கிடையாது. நுண்கணிதத்தை இயற்பியல் நூலின் சில பக்கங்களில் பார்த்ததோடு சரி.

"கணக்கை விட்டால் பின்னால் எதையெல்லாம் விட வேண்டியிருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை சார்" என்றார்.

அவர் கேட்ட கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. பின்னத்தில் மேலும் கீழும் ஒரே எழுத்து இருந்தால் அடித்துவிடலாம் என்றுதான் அவருக்குக் கற்பிக்கப்பட்டது. அடிக்கக்கூடாத 'டி' ஒன்று உண்டு என்பதை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. அவ்வளவுதான்.

பதினைந்து வயதில் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இத்தகைய முடிவு ஒன்றை எடுக்கிறார்கள். எந்தக் கணிதம்? எவ்வளவு கணிதம்? எந்தத் தேர்வு? எல்லோருக்கும் ஒரே கணிதம் போதுமா, அல்லது ஆளுக்கேற்றவாறு இரண்டு மூன்று வகைகள் வேண்டுமா? இது நம் நாட்டில் மட்டும் எழுந்த கேள்வி அன்று. நமது பள்ளித் தேர்வு முறைக்கு முன்மாதிரியாக இருந்த இங்கிலாந்து, இந்தக் கேள்வியோடு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மல்லாடி வந்திருக்கிறது. ஒரே தாள், இரண்டு தேர்வு, மூன்று தாள், மீண்டும் இரண்டு தாள் என்று எல்லா வழிகளையும் அது முயன்று பார்த்தது. அந்த வரலாற்றைச் சற்று ஊன்றிக் கவனித்தால் நமக்குப் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கும்.

பூட்டிய பெட்டியில் வந்த வினாத்தாள்

1858-ஆம் ஆண்டுக்கு முன் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்தியதில்லை. பள்ளிகளோ ஒவ்வொன்றும் ஒரு விதமாக நடந்துவந்தன. ஒரு பள்ளியில் படித்தவனுக்கு என்ன தெரியும் என்பதை வேலை கொடுப்பவர் அறிய வழியில்லை. ஆகவே பள்ளிகளின் தரத்தை வெளியார் ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அவ்வாண்டில் இரு பல்கலைக்கழகங்களும் 'உள்ளூர்த் தேர்வுகள்' என்ற பெயரில் இப்பணியைத் தொடங்கின.

கேம்பிரிட்ஜின் முதல் தேர்வு 1858 டிசம்பரில் 8 ஊர்களில் நடந்தது. எழுதியவர்கள் 370 பேர். தேர்வாளர்கள் வினாத்தாள்களைப் பூட்டிய பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஊர் ஊராகச் சென்றனர். 16 வயதுக்குட்பட்டோர் இளையோர் எனவும், 18 வயதுக்குட்பட்டோர் மூத்தோர் எனவும் பிரிக்கப்பட்டனர். சாதாரண எண்கணிதம் எல்லோரும் தேறியாக வேண்டிய தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

இந்தத் தேர்வுகள் விரைவில் கடல் கடந்தன. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கையிலும் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதப்பட்டது. சென்னையிலோ 1857-ல் தோன்றிய பல்கலைக்கழகம் தனக்கென்று மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்திவந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தை எஸ்.எஸ்.எல்.சி. பிடித்துக்கொண்டது. நம் தாத்தாக்கள் பேசிய 'மெட்ரிக்', இலங்கைத் தமிழர் இன்றும் எழுதும் சாதாரண தர, உயர்தரத் தேர்வுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

மாணவியர் தவறிய எண்கணிதம்

தொடக்கத்தில் இத்தேர்வுகள் ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. எமிலி டேவிஸ் என்ற பெண்மணி இதை ஏற்கவில்லை. பெண்களும் இதே வினாத்தாளை எழுதட்டும் என்று அவர் இடைவிடாமல் கேட்டுவந்தார். கடைசியில் 1863-ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு சோதனையாக மட்டும், கேம்பிரிட்ஜ் இசைந்தது. தயாரிப்புக்குக் கிடைத்த காலம் சில வாரங்களே. 80-க்கும் மேற்பட்ட மாணவியர் எழுதினர்.

முடிவு என்ன? மற்றப் பாடங்களில் மாணவியர் நன்றாகவே எழுதியிருந்தனர். ஆனால் எண்கணிதத்தில் மூத்த பிரிவு மாணவியருள் மிகப் பெரும்பாலோர் தவறிவிட்டனர்.

'பெண்களுக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டுவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அவர்களுக்கு எண்கணிதம் இல்லாத எளிய தேர்வு ஒன்றைத் தனியாக வைத்துவிடலாமே என்று யாரும் சொல்லியிருக்கலாம். பெண்களுக்கென்று தனித்தேர்வு வேண்டும் என்று பரிவோடு கூறியவர்கள் அந்நாளில் இருக்கத்தான் செய்தார்கள். எமிலி டேவிஸ் அதை உறுதியாக எதிர்த்தார். தனித்தேர்வு என்றால் அதன் சான்றிதழுக்கும் தனி மதிப்புத்தான் கிடைக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பள்ளிகள் வேறு காரணத்தைக் கண்டுகொண்டன. பெண்களுக்கு எண்கணிதம் முறையாகக் கற்பிக்கப்படவே இல்லை. தவறியதற்குக் காரணம் அதுதான். கற்பிக்கும் முறை திருத்தப்பட்டது. 1865-ல் கேம்பிரிட்ஜ் தன் தேர்வை மாணவியருக்கு முறைப்படி திறந்துவிட்டது. அடுத்து வந்த தேர்வுகளில் எண்கணிதத்தில் தவறியோரின் தொகை வெகுவாகக் குறைந்தது.

வாசகர்கள் இந்தச் சிறு நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். தேர்வில் ஒரு பிள்ளை தவறினால், 'இவனுக்கு வராது' என்பது ஒரு விளக்கம். 'இவனுக்குக் கற்பிக்கப்படவில்லை' என்பது மற்றொரு விளக்கம். இவ்விரண்டில் எதை நாம் நம்புகிறோமோ அதற்கேற்பவே பாடத்திட்டத்தையும் தேர்வையும் அமைக்கிறோம்.

யூக்ளிடும் கட்டத்தாளும்

அந்நாளைய பள்ளிக் கணிதத்தில் வடிவியல் என்றால் யூக்ளிட் எழுதிய நூல்தான். தேற்றங்களை அவர் வகுத்த வரிசைப்படியே நிறுவ வேண்டும். வேறு வரிசையில் நிறுவினால், நிறுவல் சரியாக இருந்தாலும், மதிப்பெண் கிடைப்பது அரிது. பல மாணவர்கள் பொருள் புரியாமல் நெட்டுருச் செய்தனர். இதை மாற்ற வேண்டும் என்று 1871-லேயே ஆசிரியர்கள் சங்கம் அமைத்தனர். பலன் உடனே கிடைத்துவிடவில்லை.

1901-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் மாநாட்டில் ஜான் பெர்ரி என்ற பொறியியல் பேராசிரியர் இப்பிரச்சினையைக் கிளப்பினார். கணித மேதையாகப் போகிற ஒரு சிலருக்காக வகுத்த பாடத்தை எல்லோர் தலையிலும் ஏற்றுவது ஏன் என்று அவர் கேட்டார். பொறியாளருக்கும் தொழிலாளிக்கும் பயன்படும் கணிதம் வேண்டும். அளந்து பார்த்து, எடை போட்டுப் பார்த்து, கட்டத்தாளில் வரைபடம் வரைந்து கற்க வேண்டும் என்றார். இன்று நம் மாணவர்கள் தேர்வு அறையில் எழுந்து நின்று, "சார், ஒரு கிராஃப் தாள்" என்று கேட்கிறார்களே, அந்தத் தாளைப் பள்ளிக்குள் கொண்டுவரப் போராடியவர்களுள் பெர்ரி முக்கியமானவர்.

1903-ல் கேம்பிரிட்ஜ் இறங்கி வந்தது. யூக்ளிடின் வரிசைதான் வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. ஆனால் பெர்ரி எழுப்பிய பெரிய கேள்வி அப்படியே நின்றது. எல்லோருக்கும் ஒரே கணிதம் என்றால், அது யாருடைய கணிதம்?

பதினொரு வயதில் ஒரு பிரிவினை

1918 முதல் இங்கிலாந்தில் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு நடந்தது. ஆங்கிலம், பிறமொழி, அறிவியலும் கணிதமும் என்று பாடங்கள் தொகுதிகளாக இருந்தன. ஒவ்வொரு தொகுதியிலும் தேறினால்தான் சான்றிதழ். ஒன்றில் வழுக்கினால் எல்லாம் போயிற்று. 1951-ல் இம்முறை நீங்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே தேர்ச்சி தரும் 'ஓ லெவல்' என்னும் சாதாரண தரத் தேர்வு வந்தது.

இதற்கிடையே 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் எல்லோருக்கும் இலவச இடைநிலைக் கல்வி அளித்தது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் பிள்ளைகள் 11 வயதில் ஒரு தேர்வின் மூலம் பிரிக்கப்பட்டனர். வென்றவர்கள் 'கிராமர்' பள்ளிக்குச் சென்றனர்; அங்கே இயற்கணிதமும் வடிவியலும் கற்று ஓ லெவல் எழுதினர். மற்றவர்களுள் மிகப் பலர் 'நவீன இடைநிலைப் பள்ளி' என்ற பள்ளிக்குச் சென்றனர். அவர்களுக்குப் பெரும்பாலும் எண்கணிதமே கணிதம். 15 வயதில் எந்தத் தேர்வும் எழுதாமல் வெளியேறினர்.

இங்கே வியப்பான ஒன்று நடந்தது. அந்த நவீனப் பள்ளிகள் சிலவற்றில் ஆசிரியர்கள் தாமாக முன்வந்து, ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஓ லெவல் பாடங்களைக் கற்பித்துத் தேர்வுக்கு அனுப்பினர். 11 வயதில் 'உனக்கு முடியாது' என்று ஒதுக்கப்பட்ட அவர்களுள் பலர் தேறினர். 1863-ஆம் ஆண்டு மாணவியரின் கதை வேறு உருவில் மீண்டும் நடந்தது என்று சொல்லலாம்.

இரண்டு தேர்வுகள்

ஓ லெவல் எழுத முடியாதவர்களுக்கும் ஏதேனும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1965-ல் 'சி.எஸ்.இ.' என்ற இரண்டாவது தேர்வு தொடங்கியது. மாணவர்களில் மேல்நிலையில் உள்ள 20 விழுக்காட்டினருக்கு ஓ லெவல். அடுத்த 40 விழுக்காட்டினருக்கு சி.எஸ்.இ. எஞ்சிய 40 விழுக்காட்டினருக்கு? அவர்களுக்கென்று எந்தத் தேர்வும் திட்டமிடப்படவில்லை.

சி.எஸ்.இ. தேர்வில் நல்ல அம்சங்கள் உண்டு. பள்ளி ஆசிரியர்களே பாடத்திட்டம் வகுத்து, தாமே மதிப்பிடவும் அதில் வழி இருந்தது. அதன் முதல் தரம் ஓ லெவல் தேர்ச்சிக்குச் சமம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், நடைமுறையில், வேலை கொடுப்போர் பலர் ஓ லெவல் இருக்கிறதா என்றே கேட்டனர். எந்தத் தேர்வுக்கு அனுப்புவது என்று ஐயம் வந்தபோது ஒரே மாணவரை இரண்டு தேர்வும் எழுதச் செய்த பள்ளிகளும் உண்டு. இரண்டு பாடத்திட்டங்களுக்கும் படித்த அந்த மாணவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

6399-க்கு அடுத்த எண் எது?

கணிதக் கல்வியின் நிலையை ஆராய 1978-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் காக்கிராஃப்ட் என்னும் கணித அறிஞர். 1982-ல் வெளியான அக்குழுவின் அறிக்கை உலகெங்கும் கணித ஆசிரியர்களால் படிக்கப்பட்டது. அதில் கண்ட மூன்று செய்திகளை மட்டும் இங்கே தருகிறேன்.

முதலாவது, அச்சம். வளர்ந்தவர்கள் அன்றாட வாழ்வில் கணிதத்தை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்று அறியச் சிலர் பேட்டி காண அனுப்பப்பட்டனர். கணிதம் பற்றிய பேட்டி என்று கேட்டதும், அணுகப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மறுத்துவிட்டனர்! பேசியவர்களுள்ளும் பலரிடம் அச்சமும் குற்ற உணர்வும் காணப்பட்டன. பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் அந்தப் புண் ஆறவில்லை.

இரண்டாவது, வேறுபாடு. 6399-ஐவிட ஒன்று கூடுதலான எண்ணை எழுதச் சொன்னால் ஒரு சராசரிப் பிள்ளை 11 வயதில் சரியாக எழுதும். ஆனால் 7 வயதிலேயே எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. 14 வயதிலும் எழுத இயலாத பிள்ளைகளும் உண்டு. ஒரே வகுப்பறையில் ஏழாண்டு வேறுபாடு! ஆசிரியர் எந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது?

மூன்றாவது, தேர்வு முறை. சி.எஸ்.இ. கணிதப் பாடத்திட்டம் ஓ லெவல் பாடத்திட்டத்தைச் சுருக்கி அமைத்ததாகவே பெரும்பாலும் இருந்தது. ஆகவே ஒரு சராசரி மாணவர் தமக்குரிய தரத்தைப் பெற, தாளில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வாங்கினாலே போதுமானதாக இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது சலுகை. உண்மையில் தாளில் மூன்றில் இரண்டு பங்கு தமக்குத் தெரியாதது என்ற எண்ணத்தோடு அந்த மாணவர் ஒவ்வொரு தேர்வு அறையை விட்டும் வெளியே வருகிறார். மாணவருக்கு என்ன தெரியவில்லை என்பதைக் காட்டுவதை விட, என்ன தெரியும் என்பதைக் காட்ட வாய்ப்பளிப்பதே தேர்வின் வேலை என்று அறிக்கை வலியுறுத்தியது. மேலிருந்து வெட்டிக் குறைக்காமல், எல்லோருக்கும் தேவையான அடிப்படையிலிருந்து மேல்நோக்கிப் பாடத்திட்டத்தைக் கட்ட வேண்டும். வெவ்வேறு நிலைக்கு வெவ்வேறு தாள் வேண்டும் என்றது.

மூன்று தாள்களும் ஒரு கூரையும்

ஓ லெவலும் சி.எஸ்.இ.-யும் ஒன்றாக்கப்பட்டு, 1988-ல் 'ஜி.சி.எஸ்.இ.' என்ற ஒரே சான்றிதழுக்கான முதல் தேர்வு நடந்தது. ஆனால் கணிதத்தில் மட்டும் அடிப்படை, நடுநிலை, மேல்நிலை என்று மூன்று வகைத் தாள்கள் வைக்கப்பட்டன. காக்கிராஃப்ட் சொன்ன நல்ல எண்ணம்தான் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு மாணவரும் தமக்கு இயன்றதை எழுதட்டும் என்பதே நோக்கம்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. வேலைக்கும் மேற்படிப்புக்கும் 'சி' தரம் தேவை என்பது வழக்கமாகிவிட்டது. அடிப்படைத் தாளை எழுதுபவர் எல்லா வினாக்களுக்கும் சரியாக விடை எழுதினாலும் 'சி' பெற முடியாது. பந்தயத்தில் ஓடவிட்டு, முதலில் வந்தாலும் பரிசில்லை என்று முன்கூட்டியே சொல்வது போன்றது இது. தாம் எழுதும் தாளுக்கு இப்படி ஒரு கூரை இருக்கிறது என்பதை அறியாமலே எழுதிய மாணவர்களும் இருந்தனர்.

மேல்நிலைத் தாளிலோ வேறு வகை ஆபத்து. அதன் மிகக் குறைந்த தரத்துக்கும் கீழே மதிப்பெண் போனால் தரமே கிடையாது. ஆகவே ஐயத்துக்கிடமான மாணவர்களைப் பள்ளிகள் பாதுகாப்பாக நடுநிலைத் தாளுக்கு அனுப்பின. அங்கே நல்ல தரம் பெற்றவர்களும், இயற்கணிதத்தில் போதிய பழக்கம் இல்லாமையால், மேல்வகுப்புக் கணிதத்தில் திணறினர்.

2004-ல் பேராசிரியர் ஏட்ரியன் ஸ்மித் தலைமையில் வெளியான அறிக்கை இம்முறையை மாற்றச் சொன்னது. 2008 முதல் இரண்டே வகைத் தாள்கள்; அடிப்படைத் தாளிலும் 'சி' வரை பெறலாம் என்றாயிற்று. 2017-ல் எழுத்துகளுக்குப் பதில் 9 முதல் 1 வரை எண்கள் தரங்களாயின. அடிப்படைத் தாளில் 5 வரை பெறலாம். மேல்நிலைத் தாளில் 9 முதல் 4 வரை. மயிரிழையில் தவறுவோருக்கு 3. தேர்ச்சியாகக் கருதப்படும் 4-ஆம் தரம் இரண்டு தாள்களிலும் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு தாள்களுக்கும் இடையே பாலம் போடக் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் ஆயின!

நம் நாட்டில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். வயதில் மூத்தவர்களைக் கேட்டால் 'ஜெனரல் மாத்ஸ்', 'காம்போசிட் மாத்ஸ்' என்ற பெயர்களைச் சொல்வார்கள். பழைய 11 வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முறையில் கணிதத்துக்கு இவ்வாறு இரு வழிகள் இருந்தன. பி.யூ.சி.-யில் கணிதம் எடுத்துப் பொறியியல் அல்லது அறிவியல் படிக்க விரும்பியவர்கள் பொதுவாகக் காம்போசிட் மாத்ஸ் படித்தனர்.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழுவின் தலைவர் டி.எஸ்.கோத்தாரி ஓர் இயற்பியலறிஞர். முதல் 10 ஆண்டுகள் கணிதமும் அறிவியலும் எல்லா மாணவருக்கும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 10+2 முறை தமிழகத்தில் 1978-ல் நடைமுறைக்கு வந்தபோது, பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கணிதம் என்பது நிலைபெற்றது. பிரிவினை பதினோராம் வகுப்புக்குத் தள்ளிப்போயிற்று. அங்கே கணிதம் உண்டு; வணிகக் கணிதம் உண்டு; கணிதமே இல்லாத பிரிவுகளும் உண்டு.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமோ பத்தாம் வகுப்பிலேயே மீண்டும் இரு வழிகளைத் திறந்தது. 2020-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அங்கே 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என இரண்டு கணிதத் தாள்கள். பாடநூல் ஒன்றுதான், பாடத்திட்டமும் ஒன்றுதான், வகுப்பறையும் ஒன்றுதான். வினாத்தாளின் கடினம் மட்டுமே வேறு. மேலே கணிதம் படிக்க விரும்புவோர் ஸ்டாண்டர்டு எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. பேசிக் எழுதியவர் மனம் மாறினால் துணைத்தேர்வில் ஸ்டாண்டர்டு எழுதித் தேறலாம் என்று திரும்பும் வழியும் வைத்தார்கள். பின்னர் இவ்விதியைத் தளர்த்திய ஆண்டுகளும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், கணிதத்தில் தொடங்கிப் பாடங்களை இரு நிலைகளில் வழங்கலாம் என்று கூறுகிறது.

ஒரே சமன்பாடு, இரண்டு வினாக்கள்

பாடம் ஒன்றாக இருந்து வினா மட்டும் வேறாக இருந்தால் என்ன வேறுபாடு வந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

முதல் வினா: வே² + 10வே − 1200 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க.

இதைக் காரணிப்படுத்தினால் (வே + 40)(வே − 30) = 0. ஆகவே விடை 30 அல்லது −40.

இரண்டாவது வினா: ஒரு பேருந்து 240 கிலோமீட்டர் தொலைவைச் சீரான வேகத்தில் கடக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் சென்றிருந்தால் 2 மணி நேரம் முன்னதாகச் சேர்ந்திருக்கும். பேருந்தின் வேகம் என்ன?

வேகத்தை 'வே' என்று கொண்டால், ஆன நேரம் 240/வே. கூடுதல் வேகத்தில் ஆகும் நேரம் 240/(வே + 10). இவ்விரண்டின் வேறுபாடு 2. இதைச் சுருக்கிப் பாருங்கள். முதல் வினாவில் கண்ட அதே சமன்பாடு வந்து நிற்கும்! விடை 30 அல்லது −40. வேகம் குறை எண்ணாக இருக்க முடியாதாகையால் மணிக்கு 30 கிலோமீட்டர் என்பதே விடை. 30-ல் சென்றால் 8 மணி நேரம். 40-ல் சென்றால் 6 மணி நேரம். சரிபார்த்தாயிற்று.

முதல் வினாவில் சமன்பாடு கையில் கொடுக்கப்படுகிறது. இரண்டாவதில் நாமே அதை உண்டாக்க வேண்டும். கிடைத்த இரு விடைகளுள் எது பொருந்தும் என்றும் நாமே முடிவு செய்ய வேண்டும். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இயற்கை யாருக்கும் சமன்பாட்டை எழுதிக் கொடுப்பதில்லை. பேருந்தைத்தான் காட்டுகிறது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். முதல் வினாவையே காண அஞ்சும் பிள்ளைக்கு இரண்டாவது வினாவை மட்டும் கொடுத்தால் அது வெற்றுத்தாளைத்தான் திருப்பித் தரும். காக்கிராஃப்ட் கண்ட அச்சம் அங்கேதான் பிறக்கிறது. எனவே எளிய தாள் என்பது தவறு அன்று. எளிய தாளில் முதல் வினாவைத் தீர்க்கக் கற்ற பிள்ளைக்கு இரண்டாவது வினாவையும் வகுப்பறையில் கற்பிக்கிறோமா என்பதே கேள்வி. தேர்வில் வராது என்பதற்காக அதை விட்டுவிட்டால், தாள் இரண்டு என்பது போய்க் கணிதமே இரண்டாகிவிடும்.

மூன்று கேள்விகள்

இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிவது என்ன? பிள்ளைகளைப் பிரித்த ஒவ்வொரு முறையும் நல்ல எண்ணத்தில்தான் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது என்பதும் உண்மையே. தீங்கு விளைந்தது பிரித்ததால் மட்டும் அன்று. மிக இளம் வயதில் பிரித்ததாலும், கூரை இருப்பதைச் சொல்லாமல் விட்டதாலும், திரும்பி வரும் வழியை அடைத்ததாலுமே தீங்கு விளைந்தது.

ஆகவே, மாணவ நண்பர்களே, கணிதத்தில் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: இந்த வழியில் நான் என்ன படிப்பேன், எதைப் படிக்காமல் விடுவேன்? பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாடநூலை வாங்கிப் பொருளடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இரண்டு: இந்த வழியில் நன்றாகப் படித்தால் எதுவரை போகலாம்? எந்தப் படிப்புகளுக்கு இது போதும், எவற்றுக்குப் போதாது? விரும்பும் கல்லூரியின் சேர்க்கை விதிகளை அவ்வாண்டுக்குரிய அறிவிப்பிலேயே பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை.

மூன்று: இரண்டாண்டு கழித்து என் மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா? உண்டு என்றால் அதற்கு எத்தனை மாதம், என்ன தேர்வு?

இவற்றுக்கு விடை தெரிந்த பின், கணிதம் வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தாவரவியலும் வரலாறும் வணிகமும் கணிதத்துக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் ஒரு காலாண்டுத் தேர்வில் குறைந்த மதிப்பெண்ணையோ, 'உனக்குக் கணக்கு வராது' என்று யாரோ ஒருவர் சொன்ன சொல்லையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். 1863-ஆம் ஆண்டு டிசம்பரில் தவறிய மாணவியரை நினைத்துக்கொள்ளுங்கள்.

'டி'-யை அடித்துவிடலாமா என்று கேட்ட மாணவர் அதன்பின் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வாரம் இருமுறை, மாலையில், வகுப்பு முடிந்த பின் வந்து அமர்ந்தார். ஓடும் பேருந்தின் வேகமானி காட்டும் எண்ணிலிருந்து தொடங்கினோம். ஒரு மணி நேரத்தில் சென்ற தொலைவு, ஒரு நிமிடத்தில் சென்ற தொலைவு, ஒரு நொடியில் சென்ற தொலைவு என்று இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தோம். 'டி' என்பது பெருக்கும் எண் அன்று, மிகச் சிறிய மாற்றத்தைக் குறிக்கும் அடையாளம் என்பது அவருக்கு விளங்க மூன்று வாரங்கள் ஆயின. அன்று அவரோடு சேர்ந்து சிரித்த வகுப்பில் மேலும் நால்வர் அந்த மாலை வகுப்புக்கு வந்துசேர்ந்தனர். அவர்களுக்கும் அதே ஐயம் இருந்திருக்கிறது, கேட்கத்தான் தயக்கம்.